வாசகர் எழுத்தாளராகும் இடம்: தங்கவயல் ‘தமிழன்’ முதல் ஒசூர் வாசிப்புக் கூடுகை வரை



அயோத்திதாசப் பண்டிதர் மறைந்த நாள் 1914 மே 5. அவர் நினைவாகக் கூடும்போதெல்லாம் அவருடைய பௌத்தம் குறித்தும், வரலாற்றை அவர் மறுவாசிப்புச் செய்த முறை குறித்தும் பேசுவது வழக்கம். அவை பேசப்படவேண்டியவைதான். இந்த உரையில் நாங்கள் எடுத்துக்கொள்வது வேறொன்று. அவர் நடத்திய இதழை யார் வாசித்தார்கள், எப்படி வாசித்தார்கள், வாசித்தவர்களில் சிலர் எவ்வாறு எழுத வந்தார்கள் என்பதைப் பற்றியே பேசப்போகிறோம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒசூரில் நாங்கள் மாதம் ஒருமுறை ஒரு வாசிப்புக் கூடுகையை நடத்தி வருகிறோம். புதிதாக எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதியதை நாலு பேர் முன்னால் சத்தமாக வாசிக்கும் கூடுகை அது. சிப்காட் தொழிலாளர்கள், ஐடிஐ மாணவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், தினக்கூலிக்குப் போகிறவர்கள் வருகிறார்கள். “எழுதினால் முகநூலில் போட்டுவிடலாமே, இதற்கு ஒரு கூட்டம் எதற்கு?” என்று நம் தம்பி தங்கைகளே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு எங்களுக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல முயல்கிறோம்.

தங்கவயலில் நடந்தது

கிருஷ்ணகிரியிலிருந்து குப்பத்தைத் தாண்டி எல்லைக்கு அப்பால் போனால் கோலார் தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிச் சேரிகளிலிருந்து நம் மக்கள் கூட்டங்கூட்டமாக அங்கே போனார்கள். இன்றைய கிருஷ்ணகிரி அன்றைக்குச் சேலம் மாவட்டத்தின் ஒரு தாலுகா. ஊரில் பண்ணையடிமையாக இருந்தவர், தங்கவயலில் பூமிக்கடியில் இறங்கிக் கூலி வாங்குகிறவர் ஆனார். வேலை உயிரைக் குடிக்கும் வேலைதான். பாறை வெடிப்பிலும் நுரையீரல் நோயிலும் செத்தவர்கள் ஏராளம். ஆனாலும் கையில் காசு வந்தது. ‘லைன்’ வீடுகளில் நம் மக்களே அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள். காலையில் எழுந்தால் ஆண்டையின் முகத்தில் விழிக்கவேண்டியதில்லை.

இந்தச் சூழலில்தான் பண்டிதரின் இதழ் அங்கே போய்ச் சேர்ந்தது. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதன் பெயர் ‘தமிழன்’ ஆனது. வார இதழ். பெயரிலேயே விலையைச் சொன்ன இதழ். குறைந்த விலை வைத்தால்தான் சேரிக்குள் போகும் என்று பண்டிதருக்குத் தெரிந்திருந்தது. 1898இல் அவர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிக்குப்பம், சாம்பியன் ரீப் ஆகிய தங்கவயல் பகுதிகளில் இயங்கின. இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூட வாசகர்கள் இருந்தார்கள். ஆனால் இதழுக்கு ஆட்களாகவும் பணமாகவும் தொடர்ந்து துணை நின்ற இடங்களில் தங்கவயல் முதன்மையானது.

அன்றைக்கு நம் மக்களில் எழுத்துத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மிகச் சிலரே. ஆனால் ஒருவர் வாசிக்க, பத்துப்பேர் கேட்பது அக்காலத்தின் பொதுவழக்கம். பாரதம் படிப்பது, அல்லி அரசாணி மாலை படிப்பதெல்லாம் அப்படித்தான். எனவே அச்சடித்த பிரதிகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் ஓர் இதழின் வீச்சை அளக்க முடியாது. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் வாசிப்பும் சொற்பொழிவும் கேள்வியும் ஒன்றாகவே நடந்தன.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது அந்தக் ‘கேள்வி’யை. ‘தமிழன்’ இதழில் வாசகர்களின் ஐயங்களுக்குப் பண்டிதர் தொடர்ந்து விடையளித்தார். ஒரு சொல்லுக்கு என்ன பொருள், ஒரு பண்டிகை எப்படி வந்தது, ஒரு சடங்கை விடலாமா கூடாதா என்று கேட்டு எழுதினார்கள். அந்தக் கேள்விகள் அச்சில் வந்தன. கேட்டவரின் பெயரோடும் ஊரோடும் வந்தன. தன் பெயரை நில ஆவணத்திலோ, பள்ளிப் பதிவேட்டிலோ, கோயில் கல்வெட்டிலோ பார்த்திராத ஒருவர் அதை ஒரு பத்திரிகையில் பார்க்கிறார். பக்கத்து லைனில் உள்ளவரும் அதைப் பார்க்கிறார். அடுத்த வாரம் அவரும் ஒரு கேள்வி எழுதுகிறார். கேள்வி கடிதமாகிறது, கடிதம் கட்டுரையாகிறது. எழுத்தாளர் என்பவர் இப்படித்தான் உருவானார்.

இதற்குச் சான்று ஜி.அப்பாதுரையார். பண்டிதர் மறைவுக்குப் பின் இதழ் தடுமாறி நின்றுபோனது. 1926இல் அதை மீண்டும் நடத்தியவர் அப்பாதுரையார், நடத்திய இடம் தங்கவயல். எந்த ஊர் சென்னையிலிருந்து வரும் இதழுக்குக் காத்திருந்ததோ அந்த ஊரே இப்போது இதழைக் கொண்டுவந்தது. தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக வெளியிட்டது. வாசகர் கூட்டம் இருபது ஆண்டுகளில் ஆசிரியர் கூட்டமாகவும் பதிப்பாளர் கூட்டமாகவும் மாறியது என்பதே இதன் பொருள்.

வேலையும் வாசிப்பும்

இது தங்கவயலுக்கு மட்டும் உரிய அதிசயமில்லை. உழைக்கிறவர்கள் கூடி வாசித்த இடங்களிலெல்லாம் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. 1865இல் கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் தொடங்கியது. எல்லோரும் சுருட்டுச் சுற்றும்போது ஒருவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் வாசிப்பார். அவருக்கான கூலியைத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே அரசு அதற்குத் தடை போட்டது. கேட்பதால் என்ன ஆகும் என்று அரசுக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்து மாநிலத்திலும் உதாரணம் உண்டு. 1969இல் கண்ணூரில் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கத்தின் கூடங்களில் ஒரு தொழிலாளி செய்தித்தாளும் புத்தகமும் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பீடி சுற்றினார்கள். வாசித்தவருக்கு அந்த நேரத்தில் குறைந்துபோன பீடிக் கணக்கை மற்றவர்கள் ஈடுசெய்தார்கள்.

சுருட்டும் பீடியும் கைவேலை. காது சும்மா இருக்கும். ஒசூரில் அப்படியில்லை. பிரஸ் ஷாப்பில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அசெம்பிளி லைனில் நொடிக்கணக்கு. பல கம்பெனிகளில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே வேலை நேரத்தில் வாசிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலைக்கு வெளியே ஓர் இடத்தையும் நேரத்தையும் நாமேதான் உண்டாக்கவேண்டும்.

ஒசூரின் நிலைமை வேறு

தங்கவயல் மாதிரியை அப்படியே எடுத்து ஒசூரில் நட்டுவிட முடியாது. மூன்று வேறுபாடுகளைச் சொல்லலாம்.

முதலாவது, குடியிருப்பு. 1970களில் சிப்காட் வந்தது. பெரிய மோட்டார் கம்பெனிகளும் கைக்கடிகாரக் கம்பெனியும் வந்தன. முதல் தலைமுறைக்கு நிரந்தர வேலை கிடைத்தது, சங்கம் கிடைத்தது, குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இன்று வருகிறவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் வருகிறார்கள். ஓர் அறையில் ஆறு பேர். ஆறு பேரும் ஆறு சாதி. வாடகைக்கு வீடு கேட்டால் முதலில் ஊர் எது என்பார்கள், அடுத்து ஊரில் எந்தத் தெரு என்பார்கள். தங்கவயல் லைனில் சாதியை மறைக்கவேண்டிய அவசியம் இல்லை. ஒசூர் அறையில் மறைத்தால்தான் பலருக்கு இடம் கிடைக்கிறது.

இரண்டாவது, நேரம். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று வாரம் மாறி வாரம் மாறுகிறது. ஞாயிறு எல்லோருக்கும் விடுமுறை என்பதும் இல்லை. பெண்கள் விடுதிகளில் மாலைக்கு மேல் வெளியே விடமாட்டார்கள்.

மூன்றாவது, மொழி. இந்த எல்லைப்பகுதியில் அருந்ததியர் வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். ஒரு பெண் வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படித்து, சந்தையில் கன்னடம் பேசி, லைனில் சூப்பர்வைசரிடம் இந்தி பேசுகிறாள். எழுத உட்கார்ந்தால் எந்த மொழியில் எழுதுவாள்?

ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒசூர் எழுத்தே இல்லாத பாலைவனமல்ல. தொலைபேசித் துறையில் வேலை செய்துகொண்டே எழுதிய ஆதவன் தீட்சண்யாவின் கதைகளும் கவிதைகளும் இங்கிருந்து வந்தவை. அவர் ஆசிரியராக இருந்த ‘புதுவிசை’ இதழ் இங்கிருந்து தமிழகம் முழுக்கப் போனது. முன்னோடிகள் இருக்கிறார்கள். அடுத்து வருகிறவர்களுக்குப் பழகும் இடம்தான் குறைவு.

முதலில் கேட்பவர் யார்?

ஒருவர் முதன்முதலாக எழுதியதை யாரிடம் காட்டுகிறார் என்பது சின்ன விஷயம் அல்ல. சாதி இந்துவான ஒரு பத்திரிகை ஆசிரியரை மனதில் வைத்து எழுதினால், நம் பிள்ளை ஒவ்வொரு வரியிலும் விளக்கம் சொல்லத் தொடங்குகிறது. மாட்டுக்கறிக் குழம்பைப் பற்றி எழுதினால் அதற்கு ஒரு நியாயம் எழுதுகிறது. சேரி வழக்கை எழுதிவிட்டு அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதுகிறது. அல்லது அவர்கள் எதிர்பார்ப்பது அழுகையைத்தான் என்று புரிந்துகொண்டு அழுகையை மட்டும் எழுதுகிறது. முதலில் கேட்கிறவர்கள் தன்னைப் போன்றவர்களாக இருந்தால் இந்த விளக்கங்கள் உதிர்ந்துவிடுகின்றன. கேலியும் கோபமும் காதலும் வருகின்றன.

தமிழில் தலித் எழுத்து 1990களில் வீறுகொண்டு எழுந்ததற்குப் பின்னாலும் இப்படியான அவைகள் உண்டு. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி நடந்த கூட்டங்களும் கருத்தரங்குகளும் சிறுபத்திரிகைகளும் நம்மவர் நம்மவருக்கு வாசித்துக் காட்டும் அவைகளாக இருந்தன. மராத்தியில் 1958இலேயே பம்பாயில் முதல் தலித் இலக்கிய மாநாடு கூடியது. தலித் பேந்தர் இயக்கம் தோன்றியது 1972இல். அங்கேயும் அவை முதலில் வந்தது.

எங்கள் கூடுகைக்கு ஒரு தங்கை வந்தாள். முதல் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. நான்காம் மாதம் அரைப்பக்கம் வாசித்தாள். விடுதியில் குளியலறைக்கு வரிசையில் நிற்பது பற்றி. சி ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்கும் ஏ ஷிப்ட் போகிறவளுக்கும் ஒரே வாளி. அவ்வளவுதான் கதை. கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பை எங்களால் மறக்க முடியவில்லை. விடுதி வாழ்க்கை தெரியாத ஓர் ஆசிரியர் அதில் ‘கதை எங்கே?’ என்று கேட்டிருப்பார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் எட்டுப் பக்கம் எழுதினாள்.

எங்கள் தவறு

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் இது விழா உரையாகிவிடும். எங்கள் கையால் நடந்த ஒரு கேட்டையும் சொல்லவேண்டும்.

ஆரம்பத்தில் எல்லா வாசிப்பையும் போனில் படம் பிடித்தோம். பதிவு வேண்டும் என்ற ஆர்வம்தான். ஒரு தம்பி தன் ஊரில் கோயில் திருவிழாவில் பறையடிக்க மறுத்த தன் தகப்பனைப் பற்றிய கதையை வாசித்தார். நல்ல கதை. எங்களில் ஒருவர் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தார். அது சுற்றிச்சுற்றி அவர் வேலை செய்யும் ஷிப்ட் குழுவுக்கே போய்ச் சேர்ந்தது. அதுவரை அறையில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டவர்கள், அடுத்த வாரத்திலிருந்து தனியாகச் சமைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. பாத்திரம் மட்டும் தனியானது. அவர் அறையைக் காலிசெய்தார். கூடுகைக்கும் வரவில்லை. நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டோம். “நீங்க நல்லதுக்குத்தாண்ணா செஞ்சீங்க” என்று சொல்லி அனுப்பிவைத்தார். எங்களால் அவரைத் திரும்ப அழைத்துவர முடியவில்லை.

சாதியைச் சொல்லி நிமிர்ந்து நில் என்று மேடையில் பேசுவது எளிது. எப்போது, யாரிடம், எந்தப் பெயரில் சொல்வது என்று முடிவெடுக்கும் உரிமை எழுதுகிறவருக்கே உண்டு. கூடுகை அந்த உரிமையைப் பறிக்கக் கூடாது. ‘தமிழன்’ இதழுக்குப் பெயரும் ஊரும் போட்டு எழுதியவருக்குச் சுற்றிலும் லைன் இருந்தது. எங்கள் தம்பிக்குச் சுற்றிலும் யாரும் இல்லை. இந்த வேறுபாட்டை நாங்கள் யோசிக்காமல் விட்டோம்.

இப்போது எப்படி நடத்துகிறோம்

அந்த அனுபவத்திற்குப் பின் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். மற்ற ஊர்த் தோழர்களுக்கும் பயன்படலாம் என்பதால் சொல்கிறோம்.

நாள் மாறாது, நேரம் மாறும். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு என்றால் அதேதான். ஆனால் காலையில் ஓர் அமர்வு, பிற்பகலில் ஓர் அமர்வு. எந்த ஷிப்டில் இருந்தாலும் ஒன்றுக்கு வரலாம். பெண்கள் விடுதி அடைக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுவோம்.

ஒருவருக்குப் பத்து நிமிடம். வாசிப்பதற்கு முன் முன்னுரை கிடையாது. ‘சுமாராகத்தான் இருக்கும், மன்னிக்கவும்’ என்று தொடங்குவதற்கும் அனுமதியில்லை.

வாசித்து முடிந்ததும் முதல் சுற்றில் ‘எனக்கு என்ன கேட்டது’ என்பதை மட்டும் சொல்லவேண்டும். நன்று, நன்றில்லை என்ற தீர்ப்பு வேண்டாம். எந்த வரி நினைவில் நின்றது, எங்கே கவனம் போய்விட்டது என்று சொன்னால் போதும். இரண்டாம் சுற்றில் புரியாததைக் கேட்கலாம். மூன்றாவதாகத்தான் யோசனை. மூத்த எழுத்தாளர்கள் வந்தால் அவர்கள் கடைசியில் பேசுவார்கள். முதலில் பேசினால் அப்புறம் யாரும் வாயைத் திறப்பதில்லை.

யாரையும் காயத்தை வாசி என்று கேட்பதில்லை. பேய்க்கதையும் கிரிக்கெட் கதையும் காதல் கவிதையும் தாராளமாக வாசிக்கலாம்.

படம் பிடிப்பதில்லை. பதிவுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். புனைபெயரில் எழுதிக்கொள்ளலாம். விரும்புகிறவர்களின் எழுத்தை மட்டும் மூன்று மாதத்துக்கொருமுறை ஒரு தாளை நாலாக மடித்த அச்சுப்பிரதியாகக் கொண்டுவருகிறோம். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டால் செலவு அடைகிறது. அச்சுக்குப் போகுமுன் எழுதியவர் ஒருமுறை பார்த்துச் சம்மதிக்கவேண்டும்.

மொழி எதுவானாலும் வாசிக்கலாம். தெலுங்கில் வாசித்தால் பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்லிவிடுவார். இதில் பண்டிதரிடமிருந்து நாம் சற்று விலகுகிறோம் என்பதையும் சொல்லியாகவேண்டும். ‘தமிழன்’ என்ற பெயரை அவர் சாதிபேதமற்றவர்களுக்கு உரியதாக்கினார். அது அன்றைக்குப் பெரிய காரியம். ஆனால் அவருடைய எழுத்தில் ஒடுக்கப்பட்ட எல்லாச் சாதியினருக்கும் சமமான இடம் கிடைக்கவில்லை என்ற விமர்சனம் உண்டு. இந்த எல்லையில், தெலுங்கும் கன்னடமும் பேசும் நம் அருந்ததியத் தோழர்களை வைத்துக்கொண்டு, அந்த விமர்சனத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. மேலும், எல்லைக்கு அப்பால் நமக்குப் பெரும் செல்வம் இருக்கிறது. சித்தலிங்கையாவின் ‘ஊரும் சேரியும்’, அரவிந்த மாளகத்தியின் ‘கவர்ன்மென்ட் பிராமணன்’ ஆகிய தன்வரலாறுகளைப் பாவண்ணன் தமிழுக்குக் கொண்டுவந்தார். எங்கள் கூடுகையில் அவற்றைப் பகுதி பகுதியாக வாசித்திருக்கிறோம். வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகள் அவற்றைக் கேட்டபிறகுதான் தங்கள் வீட்டுப் பேச்சையும் எழுதலாம் என்று துணிந்தார்கள்.

நோட்டைப் பத்திரப்படுத்துங்கள்

கடைசியாக ஒன்று. 1914க்குப் பின் ‘தமிழன்’ இதழ்கள் சிதறின. பல்கலைக்கழகங்கள் அவற்றைத் தேடவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தங்கள் வீடுகளில் அந்தத் தாள்களைக் காத்து வைத்திருந்தார்கள். அப்படிக் காக்கப்பட்டவற்றைக் கொண்டுதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. இடையில் எண்பத்தைந்து ஆண்டுகள். அதற்குள் எத்தனை தலைமுறை, நமக்கு எழுத்து மரபே இல்லை என்று நம்பி வளர்ந்தது! தங்கவயல் சுரங்கமே 2001இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சுரங்கம் நின்றபிறகும் அங்கே வாசித்தவர்களும் எழுதியவர்களும் நமக்குக் கிடைக்கிறார்கள் என்றால், யாரோ சிலர் தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான் காரணம்.

முகநூலில் எழுதினால் போதாதா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். எழுதுங்கள், தடையில்லை. ஆனால் அங்கே முதலில் கேட்பவர் யார் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு வரி எங்கே தட்டுகிறது என்று எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. பத்து ஆண்டு கழித்து அது அங்கேயே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. பத்துப் பேர், ஒரு நோட்டு, மாறாத ஒரு நாள் இருந்தால் கூடுகை நடக்கும். இந்த மூன்றையும் உங்கள் ஊரில், உங்கள் கல்லூரி விடுதியில், உங்கள் காலனியில் உங்களாலும் ஏற்படுத்த முடியும்.

இந்த மாதமும் இரண்டாவது ஞாயிறு கூடுகிறோம். எழுதியது அரைப்பக்கமாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். எழுதவில்லையென்றால் கேட்க வாருங்கள். அந்தத் தம்பி என்றைக்காவது திரும்பி வந்தால் அவருக்கான பத்து நிமிடம் அப்படியே இருக்கிறது.

ஜெய்பீம்.